‘அந்த ஃபைனல் ஃபைல் யார்கிட்ட இருக்கு?’ - ஆபீஸின் ஞாபகம் வாட்ஸ்அப்புக்குக் குடிபோன கதை

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வருடம் அங்கே மெர்ச்சண்டைசராக இருந்த இளைஞர் போன மாதம் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார். இன்று காலை பத்து மணிக்குப் பழைய மேனேஜரிடமிருந்து போன்.

“ஏப்பா தம்பி, அந்த நேவி ப்ளூ ஆர்டருக்கு பையர் எந்த ஷேடை ஓகே பண்ணுனாரு? ‘பி’யா, ‘சி’யா? மெயில்ல தேடிட்டோம், இல்லையே!”

“மெயில்ல வரலைங்ண்ணா. வாட்ஸ்அப்லதான் சொன்னாருங்க. என் பழைய போன்ல இருந்துச்சு. போன் மாத்துனப்ப பேக்கப் எடுக்கலைங்க.”

சாயப்பட்டறையில் துணி காத்திருக்கிறது. தவறான ஷேடில் சாயம் ஏறிவிட்டால் மொத்த லாட்டும் நஷ்டம். கம்பெனியில் கம்ப்யூட்டர் இருக்கிறது, இ.ஆர்.பி. மென்பொருள் இருக்கிறது, மாதா மாதம் பணம் கட்டும் கிளவுட் கணக்கும் இருக்கிறது. தேவைப்பட்ட அந்த ஒரே ஒரு எழுத்து மட்டும் எதிலும் இல்லை.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் ஐ.டி. கம்பெனி, ஆடிட்டர் ஆபீஸ், மருத்துவமனை, கட்டுமான நிறுவனம் என எங்கே வேலை பார்ப்பவருக்கும் இதில் ஏதோ ஒரு பகுதி பழக்கமானதாகவே இருக்கும். வேலைக்குத் தேவையான தகவல், தேவையான ஆளுக்கு, தேவையான நேரத்தில் கிடைக்க வேண்டும். சம்பந்தமில்லாதவருக்குக் கிடைக்கக் கூடாது. ‘தகவல் மேலாண்மை’ என்ற பெரிய பெயருக்குள் இருப்பது இவ்வளவுதான். கருவிகள் இத்தனை வளர்ந்த பிறகும் இது ஏன் இவ்வளவு சிக்கலாகிறது?

‘ந.க.எண்’ சொல்லும் பாடம்

கலெக்டர் ஆபீஸிலிருந்தோ தாலுகா ஆபீஸிலிருந்தோ கடிதம் வந்தால், மேலே ‘ந.க.எண்’ என்று ஒரு வரி இருக்கும். அதில் ஓர் எண், ஆண்டு, கடைசியில் ‘அ3’, ‘இ2’ என்பதுபோல ஒரு குறியீடு. அந்த ஃபைலை எந்தப் பிரிவில், எந்த இருக்கையில் பார்க்கிறார்கள் என்பதை அந்தக் குறியீடு காட்டும். இருக்கையில் உட்காரும் ஆள் மாறலாம். ஃபைல் அந்த இருக்கைக்கே சொந்தம். தபால் எப்போது வந்தது, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதெல்லாம் ‘தன்பதிவேடு’ எனும் நோட்டில் ஏறும். ஃபைலை முடிக்கும்போதே, அது எத்தனை காலம் ரெக்கார்டு ரூமில் இருக்க வேண்டும் என்பதும் முடிவாகிவிடும். சில ஃபைல்கள் நிரந்தரம், சில ஃபைல்கள் சில ஆண்டுகளுக்கு மட்டும்.

மெதுவான முறைதான். ஃபைல் நகராமல் மக்கள் நடையாய் நடந்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. இருந்தாலும் அந்த முறையில் மூன்று கேள்விகளுக்குப் பதில் இருந்தது. தகவல் எங்கே இருக்கிறது? யார் பொறுப்பு? எவ்வளவு நாள் வைத்திருக்க வேண்டும்?

கம்ப்யூட்டர் வந்ததும் வேகம் கூடியது. 1971-ல் ரே டாம்லின்சன் கணினி வலைப்பின்னல் வழியே முதல் மின்னஞ்சலை அனுப்பினார். 1979-ல் ‘விசிகால்க்’ என்ற விரிதாள் மென்பொருள் வந்தது. இன்றைய எக்செலுக்கு அதுதான் முன்னோடி. இதனால் ஒவ்வோர் ஊழியரும் தனக்கென்று ஒரு ரெக்கார்டு ரூமை மேஜையிலேயே வைத்துக்கொள்ள முடிந்தது. கூடவே, ஒரே ஆவணம் பத்து கம்ப்யூட்டரில் பத்துப் பெயரில் வாழத் தொடங்கியது. ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘சார் கரெக்‌ஷன் ஃபைனல்’, ‘இதுதான் ஃபைனல்’.

2009-ல் வாட்ஸ்அப் வந்தது. அதற்குப் பின் ஆபீஸ் தகவல் ஆபீஸ் கம்ப்யூட்டரைக்கூடத் தாண்டி, ஊழியரின் சொந்த போனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மூன்று கேள்விகளுக்கும் இப்போது ஒரே பதில்: “அவர்கிட்ட கேட்டாத்தான் தெரியும்.”

ஒரு எக்செல் ஷீட் நிரம்பினால் என்ன ஆகும்?

எல்லாம் ‘சிஸ்டத்தில் இருக்கிறது’ என்று நம்புவதில் உள்ள ஆபத்துக்கு 2020-ல் இங்கிலாந்தில் நடந்ததைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

கொரோனா காலம். ஆய்வகங்களிலிருந்து வந்த பரிசோதனை முடிவுகளை, அந்நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பான ‘பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து’ எக்செல் ஷீட்டுகளில் ஏற்றித் தொகுத்தது. பயன்படுத்தியது ‘எக்ஸ்.எல்.எஸ்’ என்ற பழைய வடிவம். அதில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிகள்தான் அடங்கும். 2007-லேயே வந்துவிட்ட புதிய வடிவத்தில் 10,48,576 வரிகள் அடங்கும். பழைய ஷீட் நிரம்பியது. அதற்கு மேல் வந்த வரிகள் சத்தமில்லாமல் விடுபட்டன.

விளைவு, செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேரவில்லை. தொற்று இருந்தவர்களுக்கு அவரவர் முடிவு போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அவர்களுடன் தொடர்பில் இருந்தவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை பல நாட்கள் தாமதமானது. தொற்று பரவிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த நாட்கள் சாதாரண நாட்கள் இல்லை.

யாரும் தூங்கிவிடவில்லை, யாரும் ஹேக் செய்யவில்லை. சின்ன வேலைக்கென்று வைத்துக்கொண்ட ஒரு கருவி, யாரும் கவனிக்காமலேயே பெரிய வேலையின் முதுகெலும்பாக மாறியிருந்தது. ‘தற்காலிகமா ஒரு ஷீட் போட்டுக்கலாம்’ என்று தொடங்கியது பத்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் ஆபீஸ்கள் இங்கேயும் உண்டு.

‘குரூப்ல போட்டுடுங்க’

வாட்ஸ்அப் ஏன் ஜெயித்தது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. யாருக்கும் பயிற்சி கொடுக்க வேண்டாம். வாடிக்கையாளரும் அதில் இருக்கிறார், சப்ளையரும் அதில் இருக்கிறார். போட்டோ எடுத்து அனுப்பினால் வேலை நகர்கிறது. அதிகாரபூர்வ மென்பொருளைத் திறந்து, பாஸ்வேர்டு போட்டு, ஓ.டி.பி. வாங்கி உள்ளே போவதற்குள் வாட்ஸ்அப்பில் வேலையே முடிந்துவிடும்.

சிக்கல் பிறகுதான் வரும். ஸ்காட்லாந்தின் ‘என்.எச்.எஸ். லனார்க்‌ஷயர்’ அரசு மருத்துவ அமைப்பில் 2020 ஏப்ரல் முதல் 2022 ஏப்ரல் வரை 26 ஊழியர்கள் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தார்கள். நோயாளிகளின் பெயர், முகவரி, போன் நம்பர் உள்ளிட்ட விவரங்கள் அதில் 500 முறைக்கு மேல் பகிரப்பட்டன. ஊழியரே அல்லாத ஒருவரும் தவறுதலாக அந்தக் குரூப்பில் சேர்க்கப்பட்டார். 2023-ல் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் அந்த அமைப்பைக் கண்டித்தது.

தவறுதலாகச் சேர்ப்பது என்றால் அமெரிக்காவில் 2025 மார்ச்சில் நடந்ததும் நினைவுக்கு வரும். ஏமன் மீதான தாக்குதல் பற்றி அந்நாட்டின் உயர் பாதுகாப்பு அதிகாரிகள் பேசிக்கொண்ட ‘சிக்னல்’ குரூப்பில், ‘தி அட்லாண்டிக்’ இதழின் ஆசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பெர்க் சேர்க்கப்பட்டிருந்தார். செயலியின் பூட்டு உறுதியாகத்தான் இருந்தது. உள்ளே யாரை விடுகிறோம் என்பதில்தான் ஓட்டை.

நிதித்துறையில் இதற்கு விலையும் போட்டுவிட்டார்கள். அங்கே தொழில் சார்ந்த உரையாடல்களைப் பதிவு செய்து பாதுகாக்க வேண்டும் என்பது விதி. ஊழியர்கள் சொந்த போனில் மெசேஜ் அனுப்பிக்கொண்டதால் அந்தப் பதிவு இல்லாமல் போனது. 2022 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 16 வால் ஸ்ட்ரீட் நிறுவனங்களுக்கு மொத்தம் 110 கோடி டாலருக்கு மேல் அபராதம் விதித்தது. ஜூனியர்கள் மட்டும் செய்த தவறு என்று அதைத் தள்ளிவிடவும் முடியவில்லை. மேற்பார்வை செய்ய வேண்டிய மூத்த அதிகாரிகளே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

‘ஸ்கிரீன்ஷாட் வெச்சிருக்கேன், போதாதா?’ என்று கேட்கலாம். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம், மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க 63-வது பிரிவின் கீழ் சான்றிதழ் கேட்கிறது. போனில் இருக்கும் படத்தை நீட்டினால் மட்டும் வேலைக்கு ஆகாது.

ஏ.ஐ. வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

‘எங்கே இருக்குன்னு தேட வேண்டாம், ஏ.ஐ.கிட்ட கேட்டா எடுத்துக் கொடுத்துடும்’ என்பது இப்போதைய நம்பிக்கை. பாதி உண்மைதான். நூறு பக்க ஒப்பந்தத்தைச் சுருக்குவது, பழைய மெயில்களிலிருந்து ஒரு விஷயத்தைத் தேடி எடுப்பது போன்றவற்றில் இந்தக் கருவிகள் உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்துகின்றன.

மீதிப் பாதியில் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது, நாம் உள்ளே போடும் தகவல். 2023-ல் சாம்சங் ஊழியர்கள் சிலர் கம்பெனியின் ரகசிய மென்பொருள் குறியீட்டை சாட்ஜிபிடியில் போட்டுவிட்டது தெரியவந்து, அத்தகைய கருவிகளுக்கு நிறுவனம் தடை போட்டது. இந்தியாவிலும் 2025 ஜனவரியில் மத்திய நிதி அமைச்சகம், அலுவலகக் கணினிகளிலும் சாதனங்களிலும் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. காரணம், அரசுத் தகவல்களின் ரகசியம்.

இரண்டாவது, ஏ.ஐ. வெளியே எடுக்கும் தகவல். கம்பெனியின் ஃபைல்களோடு இணைக்கப்பட்ட ஏ.ஐ., அங்கே கிடப்பதைத்தான் படிக்கும். ‘ஃபைனல் 2’, ‘இதுதான் ஃபைனல்’ இரண்டும் ஒரே இடத்தில் கிடந்தால், எது செல்லும் என்று மேனேஜருக்கே தெரியாதபோது அதற்கு எப்படித் தெரியும்? பழைய விலைப்பட்டியலை எடுத்து, அழகான வாக்கியத்தில், துளிச் சந்தேகமும் இல்லாமல் சொல்லிவிடும். அதேபோல, ‘லிங்க் இருக்கும் யாரும் பார்க்கலாம்’ என்று எப்போதோ திறந்து விடப்பட்ட சம்பளப் பட்டியல் இதுவரை யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கும். தேடல் சுலபமானால் அதுவும் மேலே வந்துவிடும். குப்பையான அலமாரிக்கு எவ்வளவு நல்ல டார்ச் வாங்கினாலும் அடுக்குகிற வேலை மிச்சம் இருக்கும்.

எழுத்தில் வராத அறிவு

ஆபீஸ் தகவல் எல்லாம் ஃபைலில் இருப்பதில்லை. ‘அந்த கிளையண்டுக்கு வெள்ளிக்கிழமை மெயில் அனுப்பாதீங்க’, ‘அந்த மெஷின் மழைக்காலத்துல இப்படித்தான் சத்தம் போடும்’ என்பவை அனுபவசாலியின் தலைக்குள் இருக்கும்.

இதற்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் அனுபவம் நல்ல பாடம். அங்கே நகல் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களோடு கூடவே சுற்றி அவர்கள் வேலையை ஆராய்ந்தவர் மானுடவியலாளர் ஜூலியன் ஆர். கம்பெனி கொடுத்த கையேட்டில் இல்லாத கோளாறுகளை அவர்கள் எப்படித் தீர்க்கிறார்கள் என்று பார்த்தார். சாப்பிடும்போதும் டீ குடிக்கும்போதும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கதைகள்தான் உண்மையான கையேடு என்பது புரிந்தது. 1996-ல் இது புத்தகமாகவும் வந்தது.

இந்த அரட்டையில் இருந்த அறிவைச் சேமிக்க, 1990-களில் ‘யுரேகா’ என்ற தரவுத்தளத்தை ஜெராக்ஸ் உருவாக்கியது. பழுதுபார்ப்பவர்கள் தாங்கள் கண்டுபிடித்த வழியை எழுதி அனுப்புவார்கள், சக நிபுணர்கள் சரிபார்ப்பார்கள், பிறகு எல்லோருக்கும் போகும். ஒவ்வொரு குறிப்பிலும் எழுதியவரின் பெயர் இருக்கும். ‘இது என் கண்டுபிடிப்பு’ என்ற பெருமை அவர்களைத் தொடர்ந்து எழுத வைத்தது.

இங்கே பல ஆபீஸ்களில் நிலைமை நேர் எதிர். ‘எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டா அப்புறம் நம்மள எதுக்கு வெச்சிருப்பாங்க?’ என்ற பயம் ஊழியருக்கு உண்டு. ஆட்குறைப்புச் செய்திகள் வரும் காலத்தில் அந்தப் பயத்தை வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. தெரிந்ததைப் பகிர்பவருக்கு அப்ரைசலில் மதிப்பு இல்லாதவரை, எந்த மென்பொருள் வாங்கிப் போட்டாலும் அது காலியாகத்தான் இருக்கும்.

ஊழியருக்கு என்ன பாதுகாப்பு?

தகவல் ஒழுங்காக இல்லாததன் செலவைக் கடைசியில் ஊழியர்தான் தன் நேரத்தில் கட்டுகிறார். லீவில் இருக்கும்போது ‘அந்த ஃபைல் மட்டும் அனுப்பிடும்மா’ என்ற மெசேஜ் வருவதற்குக் காரணம் பல நேரம் மேனேஜரின் குணம் மட்டும் இல்லை. அந்த ஃபைல் வேறு எங்கேயும் இல்லை. பிரான்ஸ் 2017 முதல், வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைச் சட்டமாக்கியது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் இது அமலுக்கு வந்தது. இந்தியாவில் மக்களவை உறுப்பினர் சுப்ரியா சுலே தனிநபர் மசோதாவாக இதைக் கொண்டுவந்தார், சட்டமாகவில்லை.

தகவல் இன்னொரு திசையிலும் ஓடுகிறது. லாகின் நேரம், லொகேஷன் காட்டும் அட்டெண்டன்ஸ் செயலி, முகம் அல்லது விரல் ரேகைப் பதிவு என ஊழியரைப் பற்றிக் கம்பெனி சேர்க்கும் தகவல் கூடிக்கொண்டே போகிறது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கும் பொருந்தும். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதே சமயம், வேலை தொடர்பான நோக்கங்களுக்காகவும் ரகசியக் கசிவு போன்ற இழப்புகளைத் தடுக்கவும் ஊழியரின் தனி ஒப்புதல் இல்லாமலேயே தரவைப் பயன்படுத்தலாம் என்று 7-வது பிரிவு நிறுவனத்துக்கு இடம் கொடுக்கிறது. ‘வேலை தொடர்பான நோக்கம்’ எதுவரை நீளும் என்பதில்தான் இனி வாதங்கள் நடக்கும்.

நாளைக்கே என்ன செய்யலாம்?

பெரிய மென்பொருள் வாங்கக் காத்திருக்க வேண்டாம். ஒரு டீமே சேர்ந்து தொடங்கக்கூடியவை இவை:

1. பேசுவது எங்கேயும் இருக்கட்டும், முடிவு ஒரே இடத்தில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் ஓகே வந்ததும், ‘இன்று நீங்கள் சொன்னபடி இதை எடுத்துக்கொள்கிறோம்’ என்று இரண்டு வரி மெயில் போடுங்கள். நாளைக்குப் பிரச்சினை வந்தால் உங்களைக் காப்பாற்றுவதும் அதுதான்.

2. அட்டாச்மெண்டுக்குப் பதில் லிங்க். பகிரப்பட்ட ஒரே ஆவணத்தில் யார், எப்போது, என்ன மாற்றினார் என்ற வரலாறு தானாகவே பதிவாகும். ‘ஃபைனல் 2’ பிறக்காது.

3. ஃபைல் பெயரில் தேதியை முதலில் எழுதுங்கள். 2025-11-03 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் போட்டால் ஃபைல்கள் தாமாகவே காலவரிசையில் அடுங்கும்.

4. ஆளுக்குப் பதில் பொறுப்புக்கு ஒரு முகவரி. கணக்கு, ஆர்டர், வாடிக்கையாளர் சேவை ஆகியவற்றுக்குப் பொதுவான மெயில் முகவரியும் ஆபீஸ் போன் நம்பரும் இருந்தால், ஆள் மாறினாலும் தகவல் அங்கேயே இருக்கும். ந.க.எண்ணில் இருக்கும் இருக்கைக் குறியீட்டின் அதே தத்துவம்.

5. மாதம் ஒருமுறை குரூப் சோதனை. வேலையை விட்டுப் போனவர், வேலை முடிந்த சப்ளையர் இன்னும் உள்ளே இருக்கிறாரா என்று பாருங்கள். பொதுவாகத் திறந்து கிடக்கும் லிங்குகளையும் மூடுங்கள்.

6. ஏ.ஐ.யில் ஒட்டுவதற்கு முன் ஒரு கேள்வி. ‘இதை வெளியாள் ஒருத்தர்கிட்ட பிரிண்ட் எடுத்துக் கொடுப்போமா?’ மாட்டோம் என்றால் ஒட்டாதீர்கள். கம்பெனி அனுமதித்த கருவி எது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

7. ஹேண்ட்ஓவரை ராஜினாமாவுக்குப் பிறகு தொடங்காதீர்கள். நோட்டீஸ் காலத்தின் கடைசி இரண்டு நாளில் நான்கு வருட அனுபவத்தை எழுத முடியாது. மாதம் அரைமணி நேரம் போதும்.

இவற்றில் பாதியை ஊழியரே செய்துவிடலாம். ஆபீஸ் நம்பர் கொடுப்பது, எழுதி வைக்க வேலை நேரத்திலேயே நேரம் ஒதுக்குவது, எழுதியவருக்குப் பெயர் கொடுப்பது ஆகியவை நிர்வாகத்தின் கையில்தான் இருக்கின்றன.

திருப்பூர் மேனேஜர் இன்னும் லைனில் இருக்கிறார்.

“‘சி’ ஷேடுன்னுதான் நினைக்கிறேங்ண்ணா.”

“நினைக்கிறேன்னா பத்தாதுப்பா. சரி விடு, பையருக்கே திரும்ப மெயில் போட்டுக் கேட்டுக்கறோம்.”

பையர் அமெரிக்காவில் இருக்கிறார். அங்கே இப்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. பதில் வரும்வரை துணி சாயப்பட்டறையில் காத்திருக்க வேண்டியதுதான்.